7 வருஷமா ஒரே சந்தன பவுடர்: மூடியைத் தவிர மத்ததெல்லாம் ஓகே

நேத்து ராத்திரி மாப்ள ஒருத்தன் போன் பண்ணி, "நீ போடுவேல்ல அந்த சந்தன பவுடர், 400 கிராம் டப்பா ஆஃபர்ல கெடக்கு, வாங்கவா"ன்னு கேட்டான். கேட்ட நேரம் சரியில்ல. அன்னைக்குக் காலைலதான் அதே 400 கிராம் டப்பாவோட மூடி மொத்தமா கழண்டு, பாதி பவுடர் பாத்ரூம் தரைல. டால்க் பவுடர் ஈரத்தரைல கொட்டி யாராச்சும் கழுவிருக்கீங்களா? தண்ணி ஊத்துனா கரையாது, மேல ஆடை மாதிரி மெதக்கும், ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கும், தரை வேற வழவழன்னு ஆயிரும். அரை மணி நேரம் வெளக்கமாறோட நின்னேன். கலெக்‌ஷனுக்கு லேட்டு.

கம்பெனி பேரு சொல்லல. பேரா முக்கியம்.

எனக்கு வேலை ஃபைனான்ஸ் கலெக்‌ஷன். சிம்மக்கல்ல ஆரம்பிச்சு திருப்பரங்குன்றம், திருமங்கலம்னு பைக்லயே பொழுது போயிரும். மதுரை வெயிலு, அதுவும் கத்திரி வெயில்ல பைக் சீட்டுன்னா என்னன்னு ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். மொத ரெண்டு வருஷம் நான் பவுடரத் தப்பாத்தான் போட்டுட்டு இருந்திருக்கேன். குளிச்சிட்டு அரைகுறையாத் தொவட்டிட்டு அப்படியே அப்பிக்கிறது, அது ஈரத்துல கொழகொழன்னு ஆகி கழுத்து மடிப்புல கோடு கோடா காஞ்சு நிக்கும், கடைக்காரர் ஒருத்தர் "தம்பி, வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு நேரா வர்றீங்களா"ன்னே கேட்டுட்டாரு. ஒடம்பு நல்லாக் காயணும், ஃபேன ஆஃப் பண்ணணும் (பண்ணலன்னா டிவி மேல எல்லாம் வெள்ளையாப் படிஞ்சு வீட்டம்மா கத்தும்), கைல கொஞ்சமாக் கொட்டித் தேச்சு அப்பறம் பூசணும். கருப்புச் சட்டை போடுற அன்னைக்கு அக்குள் பக்கமே போகக்கூடாது.

இன்னொன்னு, பவுடர் போட்டா வேர்க்காதுன்னு நெனச்சு வாங்குனா ஏமாந்துருவீங்க. டால்க்ங்கிறது ஒரு கல்லு. நம்ம வீட்ல புளிக்கொழம்பு வைக்கிற கல்சட்டி இருக்குல்ல, அந்த மாக்கல்லுல பெரும்பாலும் இருக்குறது இதேதான். நகத்தால கீறுனாலே கோடு விழுற அளவுக்கு மெத்துன்னு இருக்கும். அது வேர்வைய நிறுத்தாது, தோலும் தோலும் உரசாம வழுக்கி விடும், அம்புட்டுதான். ஆனா நாள் பூரா பைக்ல உக்காந்து தொடை இடுக்குல புண்ணாப் போனவனுக்கு அந்த அம்புட்டே பெரிய விஷயம். இத போட ஆரம்பிச்சதுக்கப்பறம் எனக்கு அந்தத் தொந்தரவு இல்ல.

அப்பறம் வாசனை. காலைல போடும்போது சும்மா சாதாரணமாத்தான் இருக்கும், பத்து மணிக்கெல்லாம் இருந்த எடமே தெரியாது. மத்தியானம் மூணு மணிக்கு ஹெல்மெட்டக் கழட்டிட்டு டீக்கடை நெழல்ல நிப்பேன் பாருங்க, சட்டை காலர் நனைஞ்சு கெடக்கும், அப்ப உள்ளருந்து லேசா சந்தனம் வரும். வேர்க்க வேர்க்கத்தான் வருது. நெசச் சந்தனமெல்லாம் கெடையாது, பின்னாடி லேபிள்ல பெர்ஃப்யூம்னுதான் போட்டிருக்கான், இந்த வெலைக்கு நெசச் சந்தன எண்ணெய எவன் ஊத்துவான். இருந்தாலும் அந்த மூணு மணி வாசனைக்காகத்தான் வேற பவுடர் மாத்தல.

இப்ப மூடிக்கு வர்றேன். சின்ன 100 கிராம் டப்பால பிரச்சனை இல்ல, மூடி இறுக்கமா உக்காந்துருக்கும். பெரிய டப்பால மூடிக்கு மரையே கெடையாது, சும்மா அமுக்கி மாட்டியிருக்கான். மேல இருக்குற தட்டத் திருகுனா ஓட்டையும் ஓட்டையும் நேராகி பவுடர் விழணும். பாத்ரூம் ஈரக்கையோட நாலு நாள் திருகுனீங்கன்னா ரெண்டு தட்டுக்கும் நடுவுல பவுடர் கட்டி பிடிச்சு சிமெண்டு மாதிரி ஆயிரும், அப்பறம் பலமாத் திருகுனா மேல்தட்டு மட்டும் திரும்பாது, மூடியே மொத்தமா கையோட வந்துரும். வீட்டம்மாகிட்ட ஊக்கு வாங்கி ஒவ்வொரு ஓட்டையாக் குத்தி விட்டுருக்கேன், கழுத்தச் சுத்தி செல்லோடேப் ஒட்டிப் பாத்தேன், ஒரு தடவ எவர்சில்வர் சம்படத்துல கொட்டி பஃப் போட்டு வச்சேன். பையன் அத கேரம்போர்டுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டான், ஒரு வாரம் தெருப்பசங்க காயெல்லாம் சந்தன மணம். 7 வருஷத்துல டப்பா டிசைன் மூணு தடவ மாறிடுச்சு, மூடி மட்டும் அதே மூடி.

டால்க் நல்லதில்லன்னு சொல்றாங்களேன்னும் மாப்ள கேட்டான். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2024ல இத புற்றுநோய் வர வைக்க வாய்ப்பு அதிகம்ங்கிற வரிசைல சேத்துருக்கு, அது நெசம். அதே வரிசைலதான் ஆட்டுக்கறியும் இருக்கு, ஞாயித்துக்கெழமை அத யாரும் விடல. நான் மூஞ்சிகிட்ட கொட்டுறதில்ல, மூச்சுல போகாமப் பாத்துக்குறேன். கைப்புள்ளைக்கு மட்டும் போடாதீங்க. தங்கச்சி கொழந்தைக்கு வேணவே வேணாம், தூசி நெஞ்சுக்குள்ள போகும்னு டாக்டரே திட்டி அனுப்புனாரு.

மாப்ளகிட்ட சொன்னது இதுதான்: பவுடருக்கு அஞ்சுக்கு நாலரை, மூடிக்கு சைபர், அதனால வாங்காத. ரொம்ப ஆசையா இருந்தா 100 கிராமா நாலு வாங்கிக்க, ஆஃபர் போனாப் போகட்டும்.

அவன் கேக்குறதுக்கு முன்னாடியே 400 கிராம்ல ரெண்டு ஆர்டர் போட்டுட்டானாம். ஊக்கு ஒண்ணு ரெடியா வச்சுக்கடான்னுட்டு போன வச்சுட்டேன்.