பிட்ஜினில் ஆஃப்லைன் மெசேஜ்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

பல அரட்டைச் சேவைகளை ஒரே ஜன்னலில் தரும் கணினி மென்பொருளான பிட்ஜினில், ஆஃப்லைனில் இருக்கும் ஒருவருக்கு எழுதி என்டர் தட்டினால், ஆன்லைனில் இருப்பவருக்கு அனுப்பியதைப் போலவே அந்த வரி ஜன்னலில் ஏறிவிடும். பக்கத்தில் நேரமும் இருக்கும். ஒற்றை டிக், இரட்டை டிக் எதுவும் கிடையாது. வாட்ஸ்அப் பழக்கத்தோடு வருபவர்கள் "போயிடுச்சு" என்று நினைத்து ஜன்னலை மூடிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் செய்தி எங்கே இருக்கிறது என்பது எந்த அக்கவுண்டில் அனுப்பினோம் என்பதைப் பொறுத்தது. எக்ஸ்எம்பிபி (யாரும் சர்வர் நடத்தக்கூடிய திறந்த அரட்டை நெறிமுறை) என்றால் பெரும்பாலும் எதிராளியின் சர்வரில். ஐஆர்சி (பழைய அரட்டை அறை நெறிமுறை) என்றால் எங்குமே இல்லை. சேமிக்கும் வேலையை நம் பிட்ஜினே செய்யவைக்கும் எமுலேஷன் பிளக்இன் (கூடுதல் செயல்துண்டு) போட்டிருந்தால் நம் கணினியின் டிஸ்கிலேயே.

1998இல் கெய்ம் என்ற பெயரில் தொடங்கி, 2007இல் பிட்ஜின் ஆன இந்த மென்பொருளில் ஒரு காலத்தில் எய்ம், யாஹூ, எம்எஸ்என், ஐசிக்யூ எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. எய்ம் 2017இலும், யாஹூ மெசஞ்சர் 2018இலும், ஐசிக்யூ 2024இலும் மூடப்பட்டன. இன்று 2.14 வரிசையில் அன்றாடம் பயன்படுவது பெரும்பாலும் எக்ஸ்எம்பிபியும் ஐஆர்சியும்தான். ஆகவே இங்கே பேச்சும் அவற்றைச் சுற்றியே.

முதலில் ஒரு சின்ன அமைப்பு. ஆஃப்லைனில் இருப்பவர்களைப் பிட்ஜின் தானாகப் பட்டியலில் காட்டாது. பட்டீஸ் மெனுவில் ஷோ என்பதற்குள் போய் ஆஃப்லைன் பட்டீஸ் என்பதை டிக் செய்ய வேண்டும். இல்லையென்றால் கன்ட்ரோல் எம் அழுத்திப் பெயரைத் தட்டச்சு செய்து புதுச் செய்தி திறக்கலாம்.

எக்ஸ்எம்பிபியில் ஆஃப்லைன் செய்தியைச் சேமிப்பது சர்வரின் வேலை. அதற்கான நடைமுறையை எக்ஸ்இபி-0160 சொல்கிறது (எக்ஸ்இபி என்பவை எக்ஸ்எம்பிபிக்கான எண்ணிட்ட நீட்சி விதிகள்). சாட், நார்மல் வகைச் செய்திகள் சேமிக்கப்படும். குரூப்சாட், எரர் வகைகள் சேமிக்கப்படாது. "டைப் செய்கிறார்" என்ற அறிவிப்பு மட்டும் தாங்கிய வெற்றுச் செய்தியும் சேமிக்கப்படாது. உங்கள் சர்வர் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு அக்கவுண்ட் எடுத்து, ஒன்றை லாக்அவுட் செய்து, மற்றதிலிருந்து மூன்று வரி அனுப்புங்கள். பெறும் பக்கத்தில், சர்வரோடு பரிமாறப்படுவதை அப்படியே காட்டும் எக்ஸ்எம்பிபி கன்சோல் பிளக்இனை இயக்கிக் கன்சோலைத் திறந்து வைத்துவிட்டு லாகின் செய்யுங்கள். வந்து விழும் ஒவ்வொரு மெசேஜுக்குள்ளும் டிலே என்ற குறிச்சொல்லும் அதில் ஸ்டாம்ப் என்ற நேரமும் இருக்க வேண்டும். அந்த நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மாலை 6:40க்கு அனுப்பியது அங்கே 13:10 என்று தெரியும். அது பிழையில்லை, ஜன்னலில் பிட்ஜின் உள்ளூர் நேரமாக மாற்றித்தான் காட்டும். கன்சோலில் டிலே குறியே இல்லாமல் செய்தி வந்தால்தான் கோளாறு: நேற்று அனுப்பியது இப்போது அனுப்பியதுபோலத் தெரியும், லாகிலும் அப்படியே பதிவாகும்.

சேமிப்புக்கு அளவும் உண்டு. ஈஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வர் மென்பொருளின் இயல்பு அமைப்பில் ஒரு பயனருக்கு 100 ஆஃப்லைன் செய்திகள்தான், நிர்வாகிக்கு மட்டும் 5000. நூறு நிறைந்த பிறகு அனுப்பினால் சர்வர் அந்தச் செய்தியைத் தூக்கி எறிந்துவிட்டு, அனுப்பியவருக்குப் பிழைச் செய்தி திருப்பும். அது பேச்சு ஜன்னலிலேயே ஒரு வரியாக வரும். ஜன்னலை மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பவர் கண்ணில் படாது. வாக்கியத்துக்கு வாக்கியம் என்டர் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்த நூறைச் சீக்கிரமே எட்டிவிடுவார்கள். ஷிஃப்ட் என்டர் அழுத்தினால் அதே செய்திக்குள் அடுத்த வரி வரும். நான்கு விஷயத்தை ஒரே செய்தியாக அனுப்புவது நல்லது.

செய்தி தொலைவது பெரும்பாலும் எதிராளி ஆஃப்லைனில் இருக்கும்போது இல்லை. அவர் ஆஃப்லைன் ஆனது சர்வருக்கு இன்னும் தெரியாத அந்த இடைவெளியில்தான். லேப்டாப்பை மூடினார், வைஃபை போயிற்று, ஆனால் டிசிபி இணைப்பு முறையாக முடியவில்லை. சர்வர் அவரை ஆன்லைன் என்றே நினைத்துச் செய்தியை அந்தச் செத்த இணைப்புக்குள் தள்ளும். இணைப்பு காலாவதியாகும்வரை போவதெல்லாம் கிணற்றில் போட்ட கல். இதற்கான மருந்து எக்ஸ்இபி-0198: பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் வராத செய்திகளைச் சர்வர் திரும்ப எடுத்து ஆஃப்லைன் சேமிப்பில் வைக்கும். ஆனால் சர்வர், பெறுபவரின் மென்பொருள் இரண்டுமே அதை ஆதரித்தால்தான் பலன். முக்கியமான செய்தி என்றால் எதிர்ப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை அதைப் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்தது போனும் கணினியும் சேர்ந்த குழப்பம். ஆஃப்லைன் வரிசை ஒருமுறைதான் காலியாகும், முதலில் லாகின் ஆகும் கருவிக்கு மொத்தமும் போய்விடும். அலுவலகக் கணினியில் பிட்ஜின் தானாகத் தொடங்கும்படி வைத்திருந்தால் இரவு வந்த செய்தியெல்லாம் அங்கேயே இறங்கிவிடும். எக்ஸ்இபி-0313 ஆதரிக்கும் போன் செயலி என்றால் சர்வரின் காப்பகத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளும். பிட்ஜின் 2க்கு அந்த வசதி இல்லை. போன் முதலில் வாங்கிக்கொண்டால் பிட்ஜினில் அந்தச் செய்தி வரவே வராது. செய்தியின் நகலை மற்றக் கருவிக்கும் தரும் கார்பன்ஸ் பிளக்இன் இதைச் சரிசெய்யும் என்று பலர் நம்புகிறார்கள். அது இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்கும்போது மட்டும் நகல் தரும், பழையதைக் கொண்டுவராது. இந்த ஒரு குறைக்காகவே, போனையும் கணினியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களுக்குப் பிட்ஜின் 2ஐப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இன்றும் தாராளமாகச் சொல்லலாம்.

ஓடிஆர் குறியாக்கம் (செய்தியை இருவர் மட்டும் படிக்கும்படி பூட்டும் முறை) பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓடிஆரின் திறவுகோல்கள் இருவரும் நேரில் பேசும் அந்த அமர்வுக்கு மட்டுமானவை, நினைவகத்தில் மட்டும் இருப்பவை. அமர்வை முடிக்காமல் எதிராளியின் கணினி அணைந்துவிட்டது என்று வையுங்கள். உங்கள் பக்கத்தில் பொத்தான் இன்னும் "பிரைவேட்" என்றே காட்டும். நீங்கள் அனுப்புவது பழைய திறவுகோலால் பூட்டப்பட்டுச் சர்வரில் சேரும். மறுநாள் அவர் திறக்கும்போது திறவுகோல் இல்லை, படிக்க முடியாத செய்தி வந்தது என்ற அறிவிப்பு மட்டும் மிஞ்சும். சர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், இருந்தும் செய்தி போனது போனதுதான். பேச்சு முடிந்ததும் ஓடிஆர் மெனுவில் "எண்ட் பிரைவேட் கான்வர்சேஷன்" கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள். ஆஃப்லைனிலும் குறியாக்கம் வேண்டுமென்றால் ஓமெமோ என்ற இன்னொரு குறியாக்க முறைதான் வழி, அது எதிராளி இல்லாதபோதும் அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. பிட்ஜினுக்கு லர்ச் என்ற பிளக்இன் அதைத் தருகிறது, சர்வரில் பிஇபி வசதி (பயனரின் திறவுகோல் விவரங்களை வெளியிட்டு வைக்கும் இடம்) இருக்க வேண்டும்.

இனி ஆஃப்லைன் மெசேஜ் எமுலேஷன் பிளக்இன். கன்ட்ரோல் யூ அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கும். சர்வரே சேமிக்காத நெறிமுறைகளுக்காக எழுதப்பட்டது. ஆஃப்லைனில் இருப்பவருக்கு அனுப்பும்போது, இதைச் சேமித்து வைத்து அவர் வந்ததும் அனுப்பவா என்று கேட்கும். ஆம் என்றால் செய்தியை ஒரு பட்டி பவுன்ஸாக (நண்பர் வந்ததும் குறித்த செயலைத் தானே செய்யும் ஏற்பாடு) மாற்றி வைக்கும். அவர் சைன்ஆன் ஆகும் நொடியில் "ஆஃப்லைன் மெசேஜ்" என்ற முன்குறிப்போடு அது போகும். அக்கவுண்டின் நெறிமுறை ஆஃப்லைன் செய்தியை ஆதரிக்கிறது என்றால் பிளக்இன் தலையிடாமல் ஒதுங்கிவிடும். அதனால்தான் எக்ஸ்எம்பிபி அக்கவுண்டில் இதை இயக்கிவிட்டு "ஒன்றுமே கேட்கவில்லையே" என்று தேடுவதில் பயனில்லை.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. அவர் வரும் நேரத்தில் உங்கள் பிட்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் பகலிலும் அவர் இரவிலும் மட்டும் வருபவர் என்றால் அந்தச் செய்தி போகவே போகாது. அவர் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும், அவர் வருவது உங்களுக்குத் தெரியவும் வேண்டும். செய்தி காத்திருப்பது டாட் பர்ப்பிள் கோப்புறையில் உள்ள பவுன்சஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில், எந்தப் பூட்டும் இல்லாத வெறும் எழுத்தாக. பலர் பயன்படுத்தும் கணினியில் இது சின்ன விஷயமில்லை. காலம் கடந்த செய்திகளை டூல்ஸ் மெனுவின் பட்டி பவுன்சஸ் பட்டியலில் போய் நீக்கிவிடுங்கள். மூன்று மாதம் முன்பு எழுதிய "நாளைக்கு வரேன்" திடீரென்று போய் நிற்கக்கூடும்.

ஐஆர்சியில் இந்தப் பிளக்இன் வேண்டவே வேண்டாம். அங்கே நிக் என்பது ஒருவர் வைத்துக்கொள்ளும் பெயர்தான், ஆள் இல்லை. நீங்கள் எதிர்பார்த்த நிக்கை வேறொருவர் எடுத்துக்கொண்டு வந்தாலும் பிட்ஜின் அவரை நண்பர் என்றே எண்ணிச் செய்தியைக் கொடுத்துவிடும். லிபரா சாட் போன்ற ஐஆர்சி வலையமைப்புகளில், விட்டுச்செல்லும் செய்தியைச் சேமித்து வைக்கும் மெமோசெர்வ் என்ற சேவை இருக்கிறது. அதற்குத் தனிச்செய்தியாக, செண்ட் என்ற கட்டளை, பதிவு செய்த நிக், பிறகு விஷயம் என்ற வரிசையில் அனுப்பினால், நிக்செர்வில் (நிக் பதிவுச் சேவையில்) கடவுச்சொல் கொடுத்து வருபவர் மட்டும் படிக்க முடியும். உங்களுக்கு வருவதைப் பிடித்து வைக்க இசட்என்சி பவுன்சர், அதாவது நீங்கள் இல்லாதபோதும் ஐஆர்சியில் இணைந்தே இருக்கும் இடைநிலை மென்பொருள் (மேலே சொன்ன பட்டி பவுன்ஸ் வேறு). பிட்ஜின் 2 சர்வர் நேரக் குறியைப் புரிந்துகொள்ளாததால் பவுன்சர் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் நேரத்தை ஒட்டித் தரும். மெமோவைத் தமிழில் எழுதினால் நீளத்தைக் கணக்கில் வையுங்கள். ஐஆர்சி வரி ஒன்றுக்கு 512 பைட், முகவரியும் அதற்குள்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் கணக்கு. "வணக்கம்" என்பதே 21 பைட். நீளம் கூடினால் மெமோ முழுதாகப் போய்ச் சேராமல் போகலாம். நீளமானதை இரண்டு மெமோவாகப் பிரித்து, 1, 2 என்று எண் போட்டு அனுப்புங்கள்.