ஜிங்க்-நிக்கல் போல்ட்: மூன்று ஆடிக்காற்று தாங்கியது, ஆனாலும்…

குளச்சலில் வள்ளம் வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "விமானத்திலேயே போல்ட்டுக்குக் காட்மியப் பூச்சை விட்டுட்டு ஜிங்க்-நிக்கல் (துத்தநாகம்-நிக்கல்) பூச்சுக்கு மாறுறாங்களே, நம்ம உப்புக்காத்துக்கு அது தாங்குமா மக்கா?"

துருவைப் பொறுத்தவரை நன்றாகவே தாங்கும். அலுமினிய பிராக்கெட்டில் எம்10 (10 மி.மீ. விட்டம்), 8.8 பலத் தர போல்ட்; 12–15% நிக்கல் கலந்த பூச்சு, மேலே ட்ரைவேலன்ட் பாசிவேஷன் (அரிப்பைத் தடுக்கும் மெல்லிய குரோமியப் படலம்). மூன்று ஆனி-ஆடி கடந்தும் தலையின் விளிம்பில் சாம்பல் மங்கல்தான். செந்துரு ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்திலேயே ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்ட துளையைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்கிறது.

எரிச்சல் முறுக்கும்போதுதான். காட்மியம் இயல்பிலேயே வழுக்கும், இது வழுக்காது. காட்மியத்துக்கு முறுக்கு எண் (K; உராய்வு கூடினால் இதுவும் கூடும்) 0.15 என்று வைத்தால், 38 நியூட்டன் மீட்டர் முறுக்கு எம்10 போல்ட்டில் சுமார் 25 கிலோநியூட்டன் இழுவிசை தரும். ஜிங்க்-நிக்கலில் அந்த எண் 0.20 ஆனால் அதே முறுக்குக்கு 19தான் கிடைக்கும். டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளக்கும் ரெஞ்ச்) 'டிக்' என்று சரியாகவே சொல்லும். ஆனால் இழுவிசை குறைந்திருப்பதால் என்ஜின் அதிர்வில் நட்டு கழன்றுவிடலாம். காட்மியத்துக்கான பழைய முறுக்கு அட்டவணையையே கையில் கொடுத்து விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

பூச்சின்மேல் மெழுகு டாப்கோட் இருக்கிறதா, அதற்கு முறுக்கு எண் எவ்வளவு என்று பிளேட்டிங் செய்தவரிடம் எழுதி வாங்குங்கள். மெழுகு உள்ளதில் கிரீஸும் தடவினால் இழுவிசை அளவு மீறி போல்ட் நீண்டுவிடும். கழற்றி மாட்டினால் மெழுகு தேய்ந்துபோகும், பழைய கணக்கு செல்லாது. முறுக்கியதும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு பெயின்ட் கோடு இழுங்கள். நட்டு திரும்பினால் கோடு உடைந்து தெரியும்.

8.8-ஐவிட மிக உறுதியான 12.9 தரம் என்றால் பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 டிகிரி சூளையில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். உள்ளே புகுந்த ஹைட்ரஜன் வெளியேறாவிட்டால், சும்மா நிற்கும் போல்ட்டே தலை தெறிக்கும். பாசிவேஷன் அந்தச் சூட்டுக்குப் பிறகுதான்.

கழற்றும் பழைய போல்ட்டின் பூச்சு காட்மியமா மஞ்சள் துத்தநாகமா என்று கண்ணால் பிரிக்க முடியாது. இறுகிவிட்டதென்று கேஸ் டார்ச் காட்டாதீர்கள், கிரைண்டரும் வேண்டாம். காட்மியப் புகை நுரையீரலைக் கெடுத்து ஆளையே கொல்லும்.

துருவுக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன். ஆனாலும் டார்க் ரெஞ்சும் சரியான அட்டவணையும் கையில் இல்லாத பட்டறைக்கு இதை இப்போதைக்கு வாங்கச் சொல்லமாட்டேன்.