வேலூர் வெயிலில் மாம்பழ ஜாம்: பாட்டிலைவிட மூடிக்குச் செலவு செய்யுங்கள்

வருடாவருடம் மாம்பழ சீசனில் ஜாம் காய்ச்சி அடைத்துவைக்கும் வீட்டில் கண்ணாடி பாட்டில் பல வருஷம் தாங்கும். மூடி ஒரே தடவைக்குத்தான். ஜாம் கெட்டுப்போக மூடியும் ஒரு முக்கியக் காரணம்.

முதலில் பழம். குடியாத்தம், சித்தூர் பக்கத்து வரத்தில் பங்கனப்பள்ளி நாரில்லாமல் நன்றாகக் கூழாகும், ஆனால் புளிப்பு போதாது. பெங்களூராவில் (கிளிமூக்கு) புளிப்பு உண்டு. இரண்டையும் பாதிக்குப்பாதி சேர்த்தால் நிறமும் கெட்டித்தன்மையும் சரியாக அமையும். கொஞ்சம் செங்காயாக இருக்கும் பழம் நாலில் ஒரு பங்கு கலக்கவும், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் அதில்தான் அதிகம். கடைசியில் வரும் நீலத்தில் கொட்டைக்குள் வண்டு இருக்கும், ஒவ்வொன்றாக அரிந்து பார்த்தே போடவேண்டும்.

அளவு: கூழ் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், சிட்ரிக் ஆசிட் 5 கிராம் (தலைதட்டிய ஒரு டீஸ்பூன்). பங்கனப்பள்ளி மட்டும் என்றால் 7 கிராம். இதைக் குறைக்கவே கூடாது. நன்றாகப் பழுத்த மாம்பழத்தின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், கூடினால் புளிப்பு குறைவு) 4.6-ஐத் தாண்டலாம். அடைத்த பாட்டிலில் அந்த அளவுக்கு மேல் போவது ஆபத்து. ஜாம் கெட்டியாக 3.3 அருகில் இருக்கவேண்டும். ஆசிட்டை இறக்குவதற்குச் சில நிமிடம் முன்பு போடுங்கள். ஆரம்பத்திலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் பெக்டின் உடைந்து ஜாம் தளர்ந்துவிடும். அளவு கூடினால் மேலே நீர் கோத்துக்கொள்ளும், குறைந்தால் சில மாதத்தில் சர்க்கரை படிகமாக நிற்கும். பாத்திரம் அடிகனமான எவர்சில்வர். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

பதம் பார்க்கத் தெர்மாமீட்டரைவிடத் தராசுதான் நம்பகமானது. தெர்மாமீட்டரின் முனை அடியில் பட்டாலும் ஆவியில் நின்றாலும் தப்பு காட்டும். வைத்திருப்பவர்கள் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அது காட்டும் எண்ணைக் குறித்து, அதற்குமேல் 5 டிகிரி வரும்போது இறக்கலாம். தராசில் கணக்கு எளிது: காலிப் பாத்திரத்தை முன்பே நிறுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஜாம் மட்டும் சுமார் 1.35 கிலோ ஆனதும் அடுப்பை அணைக்கவும். சர்க்கரைச் சத்து 67 சதவீதத்துக்கு வந்திருக்கும். 250 மில்லி பாட்டில் நாலு நிறையும்.

இனி மூடி. உள்பக்கம் ரப்பர் போன்ற வளையம் ஒட்டிய தகர மூடிதான் தேவை. பிளாஸ்டிக் மூடியில் வெற்றிடம் நிற்காது. ஒருமுறை சூடேறிய வளையத்தில் பாட்டில் வாயின் தடம் பதிந்துவிடுகிறது. மறுபடி போட்டால் பிடித்ததுபோல் இருந்து சித்திரை வெயிலில் விட்டுவிடும். ஊறுகாய்க்குப் போட்ட மூடியில் வாசனையும் போகாது. பாட்டில் வாங்கும்போதே அதே விட்டத்தில் இரண்டு சீசனுக்கான மூடி சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. அப்புறம் தேடினால் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒன்று கிடைக்கும், அது எதற்கும் ஆகாது.

பாட்டிலைப் பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவைத்து, சூடாக இருக்கும்போதே 85 டிகிரிக்குக் குறையாத ஜாமை ஊற்றவும். கடப்பா மேடையில் வெறுமே வைத்தால் விரிசல் விடும், மரப்பலகையோ மடித்த துணியோ போடுங்கள். மேலே 6 மில்லிமீட்டர் காலியாக இருக்கட்டும். வாயை ஈரத்துணியால் துடைத்து மூடியைத் திருகவும். முழு பலத்தில் இறுக்கினால் மூடி விளிம்பில் பாட்டிலைப் பிடிக்கும் காதுகள் வளைந்துவிடும். பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் வெந்நீர் நிற்கும்படி 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஏலகிரியில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதிப்பதால் அங்கே 15 நிமிடம். போர் தண்ணீரின் வெள்ளைப் படிவு பிடிக்காமலிருக்க இரண்டு ஸ்பூன் வினிகர் சேர்த்தால் போதும். கொதிக்கவிடாமல் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த சீல் பலவீனமானது, மழைக்காலத்தில் பூஞ்சை வரும்.

மறுநாள் நடுவில் அழுத்திப் பாருங்கள். மூடி மேலெழும்பினால் அந்த பாட்டில் ஃபிரிட்ஜுக்கு.

வைக்கும் இடமும் சீல் அளவுக்கே முக்கியம். மொட்டைமாடிக்கு நேர்கீழே பரண் என்றால் மே மாதத்தில் ஜாம் பழுப்பாகி வாசனை மங்கும். சர்க்கரையும் பழச்சத்தும் சூட்டில் வினைபுரிவதால் வருவது இது. தரைத்தள அலமாரியின் கீழ்த்தட்டில், இருட்டில் வைத்தால் எட்டு மாதம்வரை நிறம் நன்றாக நிற்கிறது. பாட்டிலின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். மூடியின் உள்ளே துரு, உப்பிய மூடி, திறக்கும்போது சீறிவரும் நுரை, இவற்றில் எது தெரிந்தாலும் ருசி பார்க்காமல் கொட்டிவிடவேண்டும். பூஞ்சையை மட்டும் வழித்து எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடுவதும் கூடாது.