வில்பத்தா, யாலவா? ஓகஸ்ட் வெயிலில் எடுத்த முடிவு

போன ஓகஸ்ட் விடுமுறைக்குக் காடு பார்க்கப் போவதென்று முடிவானதும் வீட்டில் இரண்டு கட்சி. பிள்ளைகளுக்கு இலங்கையின் தென்கிழக்கில் இருக்கும் யால, எனக்கும் மனைவிக்கும் வடமேற்கில் இருக்கும் வில்பத்து. நாங்கள் இருக்கும் வவுனியாவுக்கு வில்பத்துதான் கிட்ட. ஆனால் நான் வில்பத்துக்கு நின்ற காரணம் தூரம் அல்ல, தண்ணீர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் 1938இல் தேசிய பூங்காவானவை, இரண்டும் உலர் வலயம், சராசரி வெப்பநிலை 27 பாகைக்குக் கிட்ட. மழையைக் கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. தென்மேற்குக் காற்று மலைநாட்டிலேயே மழையை இறக்கிவிட்டு வெறும் காற்றாகத்தான் இந்தப் பக்கம் வரும். அதனால் மே தொடங்கி செப்டெம்பர் வரை இரண்டு காடும் காயும்.

காயும் விதத்தில்தான் வித்தியாசம். யாலவில் வருட மழையே 500 முதல் 775 மில்லிமீற்றர்தான் என்பார்கள். அதைப் பிடித்துவைக்க இருப்பவை பாறைக்குழிகள், சின்னக் குளங்கள், கடலோரத்து உவர்நீர்க் களப்புகள். கதிர்காமத்தில் நாம் தீர்த்தமாடும் அதே மாணிக்க கங்கைதான் யாலவுக்குள் ஓடிக் கடலில் விழுகிறது. நான் போன இரண்டு முறையும் ஜூலைதான். அப்போதே அது மெலிந்து மணல் தெரியக் கிடந்தது. வறட்சி முற்றினால் பவுசரில் (தாங்கி வண்டியில்) தண்ணீர் கொண்டுவந்து குழிகளை நிரப்புவார்கள். பல வருடங்களில் செப்டெம்பர் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதி வரை, யாலவில் ஆட்கள் அதிகம் போகும் பகுதியான முதலாம் வட்டாரத்தையே மூடிவிடுவதும் உண்டு.

வில்பத்தில் மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர். அதைவிட முக்கியம், அது விழுந்து தங்க இடம் இருக்கிறது. அவைதான் வில்லுகள். யாரும் அணை கட்டவில்லை. மணல் விளிம்போடு இயற்கையாகவே தாழ்ந்த நிலத்தில் மழைநீர் தேங்கி நிற்கிறது. சில வில்லுகளில் உப்புநீர், மற்றதெல்லாம் நன்னீர். கோடையில் தண்ணீர் உள்வாங்க, விட்டுப்போன ஈரத்தில் வளையமாகப் புல் முளைக்கிறது. பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த காட்டுக்குள் ஒரு மணித்தியாலம் புழுதி குடித்துவிட்டு, சட்டென்று அந்தப் பச்சையில் ஜீப் நின்றபோது பெரியவள் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கவே மறந்துபோனாள். கரையில் புள்ளிமான் கூட்டம், நடுவில் மஞ்சள்மூக்கு நாரை, மரக்கட்டை மாதிரி ஒரு முதலை. ஓகஸ்டில்!

சிறுத்தைதான் வேண்டுமென்றால் சரி, யாலவுக்கே போங்கள். முதலாம் வட்டாரம் 141 சதுர கிலோமீற்றர்தான். திறந்த புதர்க்காடு, சிறுத்தையும் அதிகம், ஜீப்பும் அதிகம். வில்பத்து 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். பக்கத்திலேயே சிறுத்தை படுத்திருந்தாலும் காடு மறைத்துவிடும். கரடிக்கு எது நல்லது என்று கேட்டால், பாலைப்பழக் காலத்தில் இரண்டிலும் வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொல்வேன். நான் இதுவரை கண்டது ஒரேயொரு கரடி, அதுவும் பின்புறம்.

மழை முடிந்த கையோடு யால எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அப்போது கணக்கு மாறலாம். வில்பத்தில் சிறுத்தை காணாத குறையைச் சின்னவன் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதால், வருகிற பெப்ரவரியில் யாலவுக்குக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டிருக்கிறேன்.