மூன்று அம்பு முனைக்கு நூறு டாலர்: எல்க் வேட்டைக்கு அது தேவையா?

டெக்சாஸில் வீட்டுப் பக்கத்தில் ஒயிட்டெயில் மான், ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் கொலராடோ போய் எல்க் என்ற பெரிய மான். எட்டு ஆண்டுகளாக என் வில் வேட்டை இவ்வளவுதான். வெளி மாநிலத்துக்காரன் என்பதால் எல்க் அனுமதிக்கு மட்டுமே 700 டாலருக்கு மேல் ஆகிறது. அப்புறம் பெட்ரோல், விடுப்பு, மலையேற்றம். இத்தனையும் செலவழித்துவிட்டு, கடைசியில் விலங்கின் உடம்புக்குள் போகிற அந்த ஆறரை கிராம் எஃகு முனையில் காசை மிச்சம் பிடிக்கலாமா? வில் வாங்கும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

அம்பு துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை, அறுத்துத்தான் கொல்கிறது. பிராட்ஹெட் என்கிற வேட்டை முனை இரண்டு நுரையீரல்களையும் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்துவிட்டால், சில நொடிகளில் விலங்கு விழுந்துவிடும். வெளியே வராமல் உள்ளேயே நின்றால் ரத்தம் உள்ளுக்குள்ளேயே தேங்கும், தடம் கிடைக்காது. அதனால் எந்த முனையானாலும் நான் பார்ப்பது இரண்டு விஷயம்: கூர் நிற்கிறதா, எலும்பில் பட்டாலும் உருக்குலையாமல் இருக்கிறதா.

நடுத்தர விலையிலிருந்து தொடங்குவோம். மஸி நிறுவனத்தின் மூன்று அலகு (வெட்டும் தகடு) முனை பல காலமாகச் சந்தையில் இருக்கிறது. அலகின் தடிமன் 0.020 அங்குலம், வெட்டு அகலம் 1 3/16 அங்குலம். மழுங்கினால் அலகை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மேக்னஸ் ஸ்டிங்கர் வேறு வகை. தோலில் பட்ட இடத்திலிருந்தே வெட்டத் தொடங்கும் இரட்டை அலகு, வேண்டுமென்றால் பக்கவாட்டில் சிறு அலகுகளும் உண்டு. முனை கெட்டுப்போனால் ஆயுள் முழுக்க மாற்றித் தருகிறார்கள். இரண்டுமே மூன்று முனை கொண்ட பொதி நாற்பது டாலரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் வரும்.

ரேஜ் ஹைப்போடெர்மிக் போன்ற விரியும் முனைகள் அதைவிடச் சற்று கூடுதல் விலை. பறக்கும்போது அலகுகள் மடங்கியிருப்பதால் பயிற்சி முனை போலவே நேராகப் போகும். உடம்பில் பட்டதும் இரண்டு அங்குலத்துக்கு விரியும். ஒயிட்டெயிலின் விலாவில் நேராகப் பட்டால் ரத்தத் தடம் சிவப்புக் கம்பளம் விரித்தது போலிருக்கும். ஆனால் விரிவதற்கும் அவ்வளவு அகலமாக வெட்டுவதற்கும் அம்பின் வேகத்தில் ஒரு பங்கு செலவாகிறது. முன்னூறு கிலோவுக்கு மேல் போகும் ஆண் எல்க்கின் தோள்பட்டை எலும்பை உரசினால் அந்த இழப்பு நன்றாகத் தெரியும். எல்க்குக்கு நான் இதைக் கொண்டுபோக மாட்டேன்.

இனி விலை உயர்ந்தது. கொலராடோவிலேயே இயங்கும் அயர்ன் வில் நிறுவனத்தின் மூன்று முனைகள் நூறு டாலரைத் தாண்டும். ஏ2 டூல் ஸ்டீல் எனும் கருவிகள் செய்யும் எஃகு, முக்கிய அலகின் தடிமன் 0.062 அங்குலம். அதாவது மஸி அலகைப் போல மூன்று மடங்கு. கையில் எடுத்துப் பார்த்தால் சின்ன உளி மாதிரி இருக்கிறது. கடினமான எஃகு என்பதால் சாணை பிடிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் பிடித்த கூர் எலும்பைக் கடந்த பிறகும் மிஞ்சுகிறது. போன ஆண்டு எல்க்கின் விலா எலும்பு வழியாகப் போய்வந்த முனையைக் கழுவி, அலகின் விளிம்பில் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில்தான் லேசாகத் தடுக்கியது. தோல்வாரில் இருபது முறை தீட்டினேன், முன்கை மயிரை மழித்தது.

எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு வகை இருக்கிறது: பன்னிரண்டு முனை முப்பது டாலர் என்று இணையத்தில் விற்கும் பொதி. என் இரண்டாவது பருவத்தில் அதைத்தான் வாங்கினேன். கொலராடோ சட்டம் கேட்பது குறைந்தது 7/8 அங்குல அகலமும் இரண்டு எஃகு வெட்டு விளிம்புகளும்தான். அந்த வகையில் அதுவும் செல்லும். இருபத்தெட்டு கஜத்தில் ஒரு பெண் எல்க். அம்பு பட்ட இடம் சரி. ஆனால் அது மறுபக்கம் வரவில்லை. அறுபது அடிக்குள் ரத்தம் நின்றுவிட்டது. நண்பனும் நானும் நான்கு மணி நேரம் குனிந்தபடியே புல்லைத் தடவித் தடவித் தேடினோம். கிடைத்தது. அறுத்துப் பார்த்தபோது ஓர் அலகு விலா எலும்பிலேயே முறிந்து சிக்கியிருந்தது, நடுத்தண்டு வாழைப்பழம் போல வளைந்திருந்தது. அந்த விலங்கு அவ்வளவு நேரம் பட்ட அவதிக்கு நான் மிச்சம் பிடித்த காசுதான் காரணம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் வில் வேட்டை ஆய்வாளர் எட் ஆஷ்பி நடத்திய அம்பு சோதனைகளைப் பற்றி அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அம்பு எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளில் அவர் முதலில் வைப்பது அம்பும் முனையும் உடையாமல் இருப்பதைத்தான். கூர், எடை எல்லாம் அதற்குப் பிறகுதான். முனை வளைந்துவிட்டால் மற்றவை எதுவும் வேலை செய்யாது.

சரி, ஆகவே எல்லோரும் நூறு டாலர் கொடுக்க வேண்டுமா? ஒயிட்டெயிலுக்குத் தேவையில்லை. அதன் விலா எலும்பு மெல்லியது. நன்றாகத் தீட்டிய மேக்னஸ் தாராளமாகப் போதும், என் டெக்சாஸ் அம்பறாத்தூணியில் இருப்பதும் அதுதான். எல்க்குக்கு வரும்போது என் பதில் மாறுகிறது. சரியாகப் பட்ட அம்புக்கு எந்த நல்ல முனையும் போதும். விலங்கு அரை அடி முன்னே எடுத்து வைத்ததால் எலும்பில் போய்ப் படுகிற அம்புக்காகத்தான் அந்தக் கூடுதல் அறுபது டாலர். ஒரே முனையைத் திரும்பத் திரும்பத் தீட்டி நான்கைந்து பருவம் வைத்துக்கொண்டால் அது பெரிய செலவும் இல்லை.

ஆனால் கையில் நூறு டாலர்தான் இருக்கிறது என்றால், மேக்னஸ் ஒரு பொதி வாங்குங்கள். மீதிப் பணத்தில் ஒரு சாணைக்கல்லும் தோல்வாரும் வாங்கி, வில்லையும் கடையில் கொடுத்துச் சீர்செய்யுங்கள். விரியாத முனை வில்லின் குறையைப் பெரிதாக்கிக் காட்டும். பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் முப்பது கஜத்தில் ஒரே இடத்தில் படவில்லை என்றால், நூறு டாலர் முனையும் தவறான இடத்தில்தான் போய்ப் படும். முனையை மாட்டியதும் அம்பை நகத்தின் மேல் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். தள்ளாடினால் அந்த அம்பை ஒதுக்கிவிடுங்கள். பிறகு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அலகை அதன்மேல் லேசாக வையுங்கள். அழுத்தாமலே அறுந்தால்தான் அது மலையேறத் தகுதியான முனை. புதுப் பொதியிலிருந்து எடுத்த முனையையும் இப்படிச் சோதியுங்கள். என் கைக்கு வந்தவற்றில் பாதி இதில் தேறவில்லை.