சவுத் பேங்க் பூங்காவும் அதன் காகிதப்பூப் பந்தலும்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரின் நடுவே, ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள சவுத் பேங்க் பூங்காவுக்கு வருபவர்களில் பலர் ராட்சத ராட்டினத்தையும் செயற்கைக் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் அங்கே கழித்த காலைப்பொழுதில் என் மனம் நின்றது, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்காவை ஊடுருவிச் செல்லும் காகிதப்பூப் பந்தலில்தான்.

பற்றிப் படரும் கொடியின் சுருளைப் போல வளைந்தெழும் 443 எஃகுத் தூண்கள் அந்தப் பந்தலைத் தாங்குகின்றன. இவற்றைச் சிற்பம் என்பதா, கொடிக்கு நட்ட கொழுகொம்பு என்பதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி, தோட்டமும் கலையும் அங்கே ஒன்றாகிவிட்டன. கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிய ஒரு கொத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் இதழ் என்று நினைக்கும் அந்த அடர்ந்த இளஞ்சிவப்பு மடல்கள் மூன்றும் நிறம் மாறிய இலைகளே. அவற்றின் நடுவில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக, வெள்ளையாக மலர்ந்திருப்பதுதான் உண்மையான பூ.

1988-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி நடந்த இடம் இது. கண்காட்சி முடிந்தபின் அந்த நிலம் வணிகக் கட்டடங்களுக்குப் போய்விடாமல் பொதுப் பூங்காவாக வேண்டும் என்று நகர மக்கள் வற்புறுத்தியதன் பயனாகவே 1992-இல் பூங்கா திறக்கப்பட்டது. கண்காட்சிக்காக நேபாளத்தில் செதுக்கப்பட்ட மரக் கோயிலும் அவ்வாறே காப்பாற்றப்பட்டது. அதன் தூண்களிலும் சாளரங்களிலும் ஒரு விரற்கடை இடம்கூட வெறுமையாக விடப்படவில்லை. எல்லாம் கையால் செய்த வேலை. அவசரமாகக் கடந்து போவது அந்தத் தச்சர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே எனக்குப் பட்டது.

சமையலுக்கு உதவும் மூலிகைகளும் காய்கறிகளும் வளரும் தோட்டம் ஒன்றும் உண்டு. மழைக்காட்டுப் பாதை சிறியதுதான் என்றாலும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் நீரோணான்களைக் கண்டுபிடிக்கக் குழந்தைகளுக்கு நேரம் போவதே தெரியாது. ஆற்றோர நடைபாதையில் மிதிவண்டிகள் விரைந்து வருவதால், சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர் பந்தலுக்கு அடியிலேயே நடப்பது நல்லது.

நுழைவுக் கட்டணம் இல்லை. வார இறுதியில் கூட்டம் மிகுதியாக இருக்கும். வேலை நாளின் அதிகாலையே ஏற்றது. பந்தலின் தென்முனையை அடைந்ததும் திரும்பிவிடாமல், நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டுமே உரிய குட்வில் பாலத்தின் வழியாக மறுகரைக்குச் சென்றால், நகரின் பழைய தாவரவியல் பூங்காவையும் அன்றே பார்த்துவிடலாம்.