மோசின் 91/30: துப்பாக்கியை விடத் தோட்டாதான் செலவு

2010 வாக்கில் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் சோவியத் ராணுவத்தின் பழைய ரைபிளான மோசின்-நாகந்த் 91/30 நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. 440 ரவுண்ட் (தோட்டா) அடைத்த தகர டப்பாவும் ஏறக்குறைய அதே விலைதான். அந்தக் கணக்கை நம்பி இன்று கடைக்குப் போகாதீர்கள். துப்பாக்கி பல நூறு டாலர் ஆகிவிட்டது. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புது இறக்குமதி அனுமதி நின்றதும் டப்பா விலையும் ஏறிவிட்டது. ஆனாலும் சரியானதைப் பார்த்து வாங்கி, சுடும் செலவைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்தவருக்கு இது இன்னும் நல்ல துப்பாக்கிதான். (இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான விமர்சனம். இந்தியாவில் இந்த 7.62 ரகம் சாதாரண உரிமத்தில் வராது.)

கடையில் எல்லோரும் முதலில் மரக்கட்டையைத் தடவிப் பார்ப்பார்கள். போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் புதுப்பித்தபோது எல்லாக் கட்டைக்கும் செந்நிற ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிவிட்டார்கள். அதனால் பளபளப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது குழல்வாய். துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமாகவே செருகிச் செருகி, அங்கே வரிப்பள்ளம் (குண்டைச் சுழற்றும் திருகுக் கோடுகள்) தேய்ந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளங்களின் விளிம்பு வாய்வரை கூர்மையாக வந்தால் நல்லது. சில குழல்களில் வாயிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு வரியே இல்லாமல் ஒரு படிக்கட்டு தெரியும். தேய்ந்த பகுதியைக் கிடங்கில் கடைந்து எடுத்திருக்கிறார்கள். சேகரிப்பவர் முகம் சுளிப்பார். சுடுபவருக்கு அது குறையே இல்லை, தேய்ந்து நீள்வட்டமான வாயைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து எண்கள். குழல், போல்ட் (குழலைப் பின்னால் அடைக்கும் உருளை), மேகசின் தட்டு, பின்தகடு நான்கிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணை அடித்துவிட்டு மின்பேனாவால் புது எண் எழுதியிருப்பது சகஜம். போல்ட் எண் பொருந்தவில்லை என்றால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளவுகோல் போட்டுப் பார்க்காமல் ஒரு ரவுண்டும் சுடக் கூடாது. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் அடிமுள் போல்ட் முகத்திலிருந்து 1.9 முதல் 2.4 மி.மீ. வரை நீள வேண்டும். துப்பாக்கியோடு வரும் தட்டைக் கருவியில் 75, 95 என்ற இரு வெட்டுகள் இதற்காகத்தான். 75 வெட்டில் முள் தட்ட வேண்டும், 95 வெட்டில் தட்டக் கூடாது. நீளம் கூடினால் பிரைமர் (தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூடி) துளைபடும், குறைந்தால் தோட்டா வெடிக்காது. பி.யு. என்ற சோவியத் தொலைநோக்கியோடு ‘ஸ்னைப்பர்’ என்று வருபவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் மாட்டியவை. கூடுதல் பணம் வேண்டாம்.

30 டாலரில் மூன்றாண்டுக்குக் கிடைக்கும் பழம்பொருள் சேகரிப்பாளர் உரிமம் இருந்தால், 50 ஆண்டு தாண்டிய துப்பாக்கியை வெளிமாநிலத்திலிருந்து நேரே வீட்டுக்கே வரவழைக்கலாம். உங்கள் மாநிலச் சட்டம் இதிலும் பொருந்தும். இரண்டு துப்பாக்கி வாங்கினாலே அதைக் கைமாற்றித் தரக் கடைக்காரர் வாங்கும் கட்டணம் மிச்சமாகி, அந்த 30 டாலர் திரும்பிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை காஸ்மோலின் (கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி மசகு) எடுப்பது. உலோகத்துக்கு மினரல் ஸ்பிரிட் போதும். கட்டையைக் கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் வைத்து, கசிவதைத் துடையுங்கள். ஆல்கஹால் பட்டால் ஷெல்லாக் கரையும். ‘போல்ட் இறுகுகிறது, உள்ளங்கையால் குத்தித்தான் திறக்க வேண்டியிருக்கிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இந்த மசகுதான். சேம்பரில் (தோட்டா அமரும் குழலின் பின்பகுதி) தங்கிய பிசுக்கு, பத்து ரவுண்டில் சூடேறி, கேஸை (தோட்டாவின் கூடு) கவ்விக்கொள்கிறது. 20 கேஜ் ஷாட்கன் குழலுக்கான பித்தளை பிரஷ்ஷை டிரில்லில் மாட்டி, கரைப்பான் தொட்டு மெதுவாகச் சுற்றினால் தீரும்.

பழைய டப்பாத் தோட்டாவின் பிரைமர் குழலில் உப்பை விட்டுச் செல்லும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஈரமான ஊரில் ஓரிரவிலேயே துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஒரு கெட்டில் கொதிநீரைப் புனல் வைத்துச் சேம்பர் பக்கமிருந்து ஊற்றுங்கள். போல்ட் முகத்தையும் கழுவுங்கள். சூட்டிலேயே ஈரம் உலர்ந்துவிடும், பிறகு எண்ணெய். கண்ணாடி துடைக்கும் திரவத்தில் உள்ள அமோனியாதான் மந்திரம் என்பார்கள், அதில் வேலை செய்வது தண்ணீர்தான். இன்னொன்று: பல ரேஞ்சுகளில் (சுடுதளங்களில்) காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். இரும்பு உள்ளீடோ இரும்பு கலந்த மேலுறையோ இருந்தால் அந்தத் தோட்டாவுக்கு அங்கே இடமில்லை.

இந்தத் துப்பாக்கியின் பெரிய எரிச்சல், குறி பார்க்கும் அமைப்பு. சோவியத் ராணுவம் பயோனெட் (குழல்முனை ஈட்டி) மாட்டிய நிலையில் குறி சரிசெய்தது. அதைக் கழற்றிவிட்டு 100 மீட்டரில் சுட்டால் பெரும்பாலானவை ஒரு சாண் மேலே போய் அடிக்கும். பின் குறியை 100க்குக் கீழே இறக்க வழியில்லை. எனவே முன் குறியை உயர்த்துங்கள். மின்கம்பியின் மேலுறையை உருவி ஒரு சிறு துண்டு வெட்டி, முன் குறியின் வளையத்துக்குள் இருக்கும் முள்ளில் செருகுங்கள். இரு குறிக்கும் இடைவெளி சுமார் 62 செ.மீ. என்பதால், 1 மி.மீ. உயர்த்தினால் குண்டு 16 செ.மீ. இறங்கும். சற்று நீளமாகவே வெட்டிச் செருகி, சுட்டுப் பார்த்து, பிளேடால் சீவிக்கொண்டே வாருங்கள். மொத்தச் செலவு பூஜ்யம். இடவலத்துக்கு முன் குறியின் அடிக்கட்டையைத் தட்டி நகர்த்தலாம். குண்டு இடப்பக்கம் போனால் கட்டையையும் இடப்பக்கமே தட்ட வேண்டும். இதெல்லாம் செய்த நல்ல குழல் 100 மீட்டரில் 7 முதல் 10 செ.மீ. வட்டத்துக்குள் போடும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஸ்விஸ் ராணுவ ரைபிளான கே31 பக்கம் போங்கள்.

மலிவாகச் சுட இன்று ஒரே வழி ரீலோடிங், அதாவது சுட்ட கேஸில் புதுப் பிரைமர், பவுடர், குண்டு வைத்து நாமே தோட்டா செய்வது. புதுத் தோட்டா ரவுண்டுக்கு ஒரு டாலரைச் சுற்றி வரும். செர்பியாவின் பி.பி.யு. நிறுவனத் தோட்டாப் பெட்டிகளை வாங்கிச் சுட்டு, பித்தளைக் கேஸைச் சேர்த்து வையுங்கள். டப்பாத் தோட்டாவின் கேஸ் உதவாது. அதன் அடியில் ஒன்றுக்கு இரண்டு துளை இருக்கும், பிரைமர் தள்ளும் ஊசி அதில் முறிந்துவிடும். வார்ப்பு ஈயக் குண்டு போடுவதானால் முதலில் குழலை அளந்துவிடுங்கள். மென் ஈய உருண்டையைக் குழலுக்குள் தட்டி எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.310 முதல் 0.314 அங்குலம் வரை எதுவும் வரலாம். குண்டு அதைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பருமனாக இருக்க வேண்டும். மெலிந்தால் வாயு பக்கவாட்டில் கசிந்து பள்ளமெல்லாம் ஈயம் அப்பும். பவுடர் எடை கையேட்டில் உள்ளபடிதான். வார்ப்பு ஈயக் குண்டுக்கான குறைந்த பவுடர் கேஸின் பாதியைக்கூட நிரப்பாது, அதனால் தவறி இருமுறை கொட்டினாலும் உள்ளே அடங்கி, வெளியே தெரியாமல் போய்விடும், அது ஆபத்து. குண்டைச் செருகும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் டார்ச் அடித்து மட்டம் பாருங்கள்.